மரபணுவின் முகப்பும் மனத்தின் சோர்வும்

1996 நவம்பரில் சயின்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை மனநல மரபியலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே தடத்தில் ஓடவைத்தது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாஸ்-பீட்டர் லெஷ், அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் டென்னிஸ் மர்ஃபி முதலானோர் எழுதிய அக்கட்டுரையின் கூற்று இதுதான்: செரட்டோனினை நரம்பணுவுக்குள் மீண்டும் இழுத்துக்கொள்ளும் புரதத்தின் மரபணுவுக்கு முன்னால், அதன் படியெடுத்தலை ஆளும் ஊக்குவிப்புப் பகுதியில், மனிதர்களிடையே ஒரு நீள வேறுபாடு உண்டு, குட்டை வடிவம் உடையவர்களிடம் அந்த மரபணு குறைவாகச் செயல்படுகிறது, அச்ச இயல்பு கூடுதலாக இருக்கிறது. இந்தக் கூற்றின் மேல் எழுந்த ஆய்வு மரபு இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. கைவிட்டது சரியே. ஆனால் கைவிட்டதற்குச் சொல்லப்படும் காரணம் போதவில்லை. ‘மாதிரிகள் சிறியவை, ஆகவே முடிவுகள் தவறின’ என்று வழக்கை முடித்துக்கொண்டால், வாதம் எந்த இடத்தில் அறுந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

இக்கூற்றில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. எழுத்து வரிசை மரபணுவின் செயலளவை மாற்றுகிறது என்பது முதலாவது. அம்மாற்றம் உயிருள்ள மூளையின் செரட்டோனின் நரம்பணுக்களில் உண்மையாகவே நிகழ்கிறது என்பது இரண்டாவது. அது நடத்தையாகவும் நோயாகவும் வெளிப்படுகிறது என்பது மூன்றாவது. ஆய்வுலகம் முதலாவதிலிருந்து மூன்றாவதற்குத் தாவியது. இரண்டாவதற்கான சான்று கைக்கு வந்தபோது அதற்கு உரிய எடையைக் கொடுக்கவில்லை. என் மதிப்பீட்டின் மையம் இதுவே.

ஊக்குவிப்புப் பகுதி என்ற கருத்தின் மேல் யாருக்கும் ஐயமில்லை. உடலின் உயிரணுக்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே டி.என்.ஏ.வைக் கொண்டிருந்தும், மூளையின் செரட்டோனினைத் தண்டுப் பகுதியிலுள்ள ரேஃபே நரம்பணுக்கள்தாம் பெரும்பாலும் ஆக்குகின்றன. எந்த மரபணு எங்கே படியெடுக்கப்பட வேண்டும் என்பதை அதன் அருகிலுள்ள எழுத்து வரிசைகளும், அவற்றில் வந்து அமரும் படியெடுத்தல் காரணிகள் என்னும் புரதங்களும் முடிவு செய்கின்றன. ரெஸ்ட் என்ற அடக்கும் புரதத்தை 1995-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இனங்கண்டன. நரம்பு மரபணுக்களின் அருகே உள்ள ஒரு குறுந்தொடரில் அது அமர்ந்து, நரம்பு அல்லாத திசுக்களில் அவற்றை மூடிவைக்கிறது. பெட்-1 என்ற காரணியோ எதிர்த்திசையில் வேலை செய்கிறது: செரட்டோனினை ஆக்கும், ஏற்றும், மீட்கும் மரபணுக்களின் முகப்பில் அமர்ந்து அவற்றை ஒருங்கே திறக்கிறது. இவ்வளவும் உறுதியான நிலம். லெஷ் குழு எழுப்பிய கேள்வி இதைவிட நுட்பமானது. எங்கே செயல்படும் என்பதை முகப்பு முடிவு செய்கிறது, சரி. எவ்வளவு செயல்படும் என்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் அதுவே முடிவு செய்கிறதா?

முதலில் அக்கட்டுரையின் நிறைகள். வேறுபாடு உள்ள இடம் தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது: படியெடுத்தல் தொடங்கும் புள்ளிக்கு ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகளோ அதற்கு மேலுமோ முன்னால், இருபது சொச்சம் எழுத்துகள் கொண்ட அலகு திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதி. நெட்டை வடிவத்தில் 16 அலகுகள், குட்டையில் 14. இடைவெளி 44 எழுத்துகள் என்றனர். பின்னர் அது 43 என்று திருத்தப்பட்டது. செயலளவைச் சோதிக்க ஆர்மின் ஹைல்ஸ் தலைமையில் நடந்த ஆய்வில் இரு வடிவங்களையும் மின்மினியின் ஒளிரும் நொதிக்கான மரபணுவுக்கு முன்னால் பொருத்தி, மனித நஞ்சுக்கொடிப் புற்றணுக்களில் செலுத்திப் பார்த்தார்கள். அந்த அணுக்கள் செரட்டோனின் மீளிழுப்புப் புரதத்தை இயல்பாகவே ஆக்குபவை என்பதால் தேர்வு பொருத்தமானதே. நெட்டை வடிவம் குட்டையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஒளிர்ந்தது. மனிதரிடமிருந்து எடுத்து வளர்த்த இரத்த நிணவணுக்களிலும் அதே போக்கு தெரிந்தது. அடுத்து 505 பேரிடம் ஆளுமைச் சோதனை. இதில் பாராட்டத்தக்க நுட்பம் ஒன்று உண்டு: உடன்பிறந்தோரை ஒப்பிட்டு, இனக்குழுக் கலப்பால் வரும் போலித் தொடர்பை விலக்க முயன்றார்கள். முடிவையும் அவர்கள் ஊதிப் பெருக்கவில்லை. அச்ச இயல்பின் மொத்த வேறுபாட்டில் 3 முதல் 4 விழுக்காடு, மரபுவழி வேறுபாட்டில் 7 முதல் 9 விழுக்காடு என்ற அளவோடு நின்றார்கள். அக்காலத்து அளவுகோலில் இது ஒழுங்கான வேலை.

குறையும் அதே கட்டுரைக்குள் இருக்கிறது. நெட்டை-நெட்டை உடையவர்கள் ஒரு பக்கம் நிற்க, கலப்பு வடிவினரும் குட்டை-குட்டை உடையவர்களும் செயலளவில் ஒன்றுபோல் இருந்தனர். அதாவது குட்டை வடிவம் ஆதிக்கம் செலுத்தியது. ஊக்குவிப்புப் பகுதி தான் இருக்கும் குரோமோசோமில் தன்னை ஒட்டிய மரபணுவையே ஆளும். அப்படியானால் ஒரு குட்டையும் ஒரு நெட்டையும் உடையவர் இருவருக்கும் நடுவில் அல்லவா நிற்க வேண்டும்? ஒரு பிரதியின் குறைவு மறு பிரதியையும் எப்படி இழுத்துப் பிடித்தது? கட்டுரை கண்டதாகச் சொல்லும் ஆதிக்கமும் அது முன்வைக்கும் இயங்குமுறையும் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவதில்லை. இந்த முரணைத் தீர்க்கும் முயற்சி பெரிதாக நடக்கவில்லை. பின்வந்த ஆய்வுகளில் சில கலப்பு வடிவினரைக் குட்டை அணியில் சேர்த்தன. சில தனி அணியாக வைத்தன. கோட்பாடு ஒன்றை மட்டும் அனுமதித்திருந்தால் இந்தச் சுதந்திரம் ஆய்வாளர்களுக்குக் கிடைத்திருக்காது.

இன்னொரு ஒத்திசைவுச் சிக்கலும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் புளுவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் இதே மீளிழுப்புப் புரதத்தைத் தடுப்பவை. புரதத்தைத் தடுத்தால் சோர்வு குறையும், புரதம் பிறவியிலேயே குறைந்திருந்தால் சோர்வு கூடும் என்ற இரண்டும் ஒருசேர எப்படி உண்மையாகும்? இதற்கு ஆதரவாளர்கள் தந்த விடை வலுவானது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் அன்சார்ஜும் ஜே கிங்ரிச்சும் 2004-இல் பிறந்த சில நாட்களேயான எலிக்குட்டிகளுக்குப் புளுவாக்ஸெட்டின் கொடுத்து நிறுத்தினர்; வளர்ந்த பின் அந்த எலிகள் அச்சம் மிக்கவையாக இருந்தன. வளர்ச்சிக் காலத்துக் குறைவும் வளர்ந்த பின் வரும் குறைவும் ஒன்றல்ல என்பதை இது நிறுவியது. புரதம் முக்கியம் என்று காட்டிய நல்ல சோதனை இது. ஆனால் முகப்பிலுள்ள நாற்பது சொச்சம் எழுத்துகளைப் பற்றி இது எதுவும் சொல்லவில்லை. மரபணுவையே நீக்கிய எலிகளைப் பற்றிய ஆய்வுகளுக்கும் இதுவே பொருந்தும். புரதத்தின் முக்கியத்துவத்துக்குக் கிடைத்த சான்றை முகப்பின் முக்கியத்துவத்துக்கு வரவு வைத்தது இந்த மரபின் தொடர்ந்த பழக்கம்.

இனி இரண்டாவது கண்ணி. நஞ்சுக்கொடி அணுவும் நிணவணுவும் நரம்பணு அல்ல. அவற்றில் அமரும் காரணிகள் வேறு. மூளையில் என்ன நடக்கிறது என்பதை நேரடியாகப் பார்க்க வழிகள் இருந்தன, பார்த்தும் விட்டார்கள். 2006-இல் வந்த ஓர் ஆய்வு, இறந்தவர்களின் மூளைத்தண்டுத் திசுவில் ஒரே ஆளின் இரண்டு பிரதிகளும் ஆக்கிய தூது ஆர்.என்.ஏ.வை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. முறையியலில் இதற்கு மேல் நேர்த்தி கேட்க முடியாது. வயது, மருந்து, இறந்த நேரம் எதுவும் குழப்பாது. இரு பிரதிகளும் ஒரே அணுவுக்குள் இருப்பதால் அவை ஒன்றுக்கொன்று சான்றாகின்றன. நீள வேறுபாட்டோடு செயலளவுக்குத் தொடர்பு இல்லை என்பது முடிவு. அதே ஆண்டில் ரேமின் பார்ஸி குழு உயிருள்ள மனிதர்களின் மூளையில் பெட் ஸ்கேன் (பாசிட்ரான் உமிழ்வு வரைவு) வழியாக மீளிழுப்புப் புரதத்தை அளந்து, வடிவத்துக்கேற்ற வேறுபாட்டைக் காணவில்லை. 2010-இல் நலமுள்ளவர்களிடம் நடந்த மற்றொரு பெட் ஆய்வும் அதையே சொன்னது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2007-இல் ஒரு பெட் ஆய்வு நடுமூளையில் நெட்டை வடிவினரிடம் கூடுதல் அளவைக் கண்டது. நெட்டை வடிவத்துக்குள்ளேயே ஓர் எழுத்து மாறினால் அது குட்டையைப் போல் செயல்படுகிறது என்று டேவிட் கோல்ட்மன் ஆய்வகத்தைச் சேர்ந்தோர் 2006-இல் காட்டியதும் உண்டு. ஏ என்ற எழுத்து ஜி ஆகும்போது ஏ.பி.-2 என்ற காரணி அமர இடம் கிடைக்கிறது என்ற அந்த விளக்கம் இயங்குமுறை நோக்கில் இந்த மரபு முழுவதிலும் மிகத் துல்லியமானது. ஆயினும் பார்ஸி குழு குட்டை, நெட்டை-ஏ, நெட்டை-ஜி என்ற இந்த மும்முனைப் பகுப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டே தொடர்பில்லை என்று எழுதியது.

மொத்தத்தில், வளர்ந்த மனித மூளையில் இந்த வேறுபாடு செயலளவை மாற்றுகிறது என்பதற்கான சான்று 2010 வாக்கில் பலவீனமாகவும் முரண்பட்டும் நின்றது. வளர்ச்சிக் காலத்தில் மட்டும் மாற்றுகிறது என்று வாதிடலாம். அந்த வாதத்தை மனித மூளையில் நேராகச் சோதிப்பது அரிது. சோதிக்க அரிதான இடத்துக்குக் கோட்பாடு ஒதுங்கிக்கொள்ளும்போது அதன் மதிப்பு குறைகிறதே தவிரக் கூடுவதில்லை.

இதற்கு முன்பே மூன்றாவது கண்ணியின் மேல் பெரிய மாளிகை எழுந்துவிட்டது. அவ்ஷலோம் காஸ்பி, டெரி மொஃபிட் குழுவின் 2003-ஆம் ஆண்டுக் கட்டுரையே அதன் அடித்தளம். நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த புகழ்பெற்ற ஆய்விலிருந்து 847 பேரை எடுத்து, 21 வயதிலிருந்து 26 வயது வரை அவர்கள் சந்தித்த இடர்களைக் கணக்கிட்டனர். நான்கோ அதற்கு மேலோ இடர் பட்டவர்களில் குட்டை வடிவம் உடையோரில் 33 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் வந்தது. நெட்டை-நெட்டை உடையோரில் 17 விழுக்காட்டினருக்கு. இடரே இல்லாவிட்டால் வடிவத்தால் வேறுபாடு இல்லை. மரபணு விதியல்ல, சூழலோடு சேர்ந்தே அது பேசுகிறது என்ற கருத்துக்கு இதைவிட அழகான படம் கிடைக்காது. முன்னோக்கிய பின்தொடர்வு, நாட்காட்டி வைத்து இடர்களை நினைவுகூர வைத்த முறை, நெருங்கியவர்களிடம் பெற்ற தனிச் சான்று ஆகியவை இக்கட்டுரையின் உண்மையான பலம். இந்த வகையில் பின்வந்த பல ஆய்வுகள் இதன் அருகில்கூட வரவில்லை. ஆனால் 847 பேரில் நான்கோ அதற்கு மேலோ இடர் கண்டவர்கள் ஏழில் ஒரு பங்குதான். அவர்களை மீண்டும் வடிவவாரியாகப் பிரித்தால் எஞ்சுவது சிறு கூட்டம். மரபணுவுக்கும் சூழலுக்கும் உள்ள இடைவினையின் புள்ளியியல் உறுதி 0.02 என்ற அளவில் நின்றது. பலநூறு மரபணுக்களில் ஒன்றைத் தேர்ந்து, பல வழிகளில் பகுக்கக்கூடிய தரவில் கிடைக்கும் 0.02 ஒரு கருதுகோளைத் தொடங்கப் போதும், நிறுவப் போதாது. கட்டுரையாளர்களே மறுஉறுதி தேவை என்று உணர்ந்துதான் எழுதினார்கள். அவர்களைப் படித்தவர்கள்தாம் நிறுவப்பட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

அச்சம் காட்டும் முகங்களைப் பார்க்கையில் குட்டை வடிவினரின் மூளையில் அமிக்டலா என்ற பகுதி கூடுதலாகத் துலங்கியது என்ற 2002-ஆம் ஆண்டு ஹரீரி ஆய்வில் 28 பேரே இருந்தனர். தாயிடமிருந்து பிரித்து வளர்த்த ரீசஸ் குரங்குகளில் கிடைத்த முடிவு இதைவிட மதிப்புடையது, ஏனென்றால் அங்கே சூழலை ஆய்வாளரே அமைத்தார். என்றாலும் குரங்கின் நீள வேறுபாடு 21 எழுத்துகள் கொண்ட வேறொன்று. எழுத்து வரிசையை யாரும் மாற்றிப் பார்க்கவுமில்லை.

காஸ்பி குழுவின் முடிவை மறுஉறுதி செய்யும் முயற்சிகளின் வரலாறு நீண்டது. அதன் முறையியல் மோதல் மட்டும் இங்கே கருதத்தக்கது. 2009-இல் நீல் ரிஷ் குழு 14 ஆய்வுகளை, 14,250 பேரைத் தொகுத்து இடைவினை இல்லை என்றது. இடர்களுக்கு மட்டும் தெளிவான தொடர்பு இருந்தது. 2011-இல் கார்க் குழு 54 ஆய்வுகளைத் தொகுத்து இடைவினை உண்டு என்றது. முதலாவதின் குறை, இடரை மேலோட்டமாக அளந்த பெரிய ஆய்வுகளுக்கு அதிக எடை கொடுத்தது. இந்த எதிர்ப்பு நியாயமானது. பெரிய மாதிரி மோசமான அளவீட்டை ஈடுகட்டாது. இரண்டாவதின் குறை அதைவிடக் கடுமையானது. வெவ்வேறு இடர்களையும் வெவ்வேறு பகுப்புகளையும் கொண்ட ஆய்வுகளின் உறுதி எண்களை மட்டும் கூட்டியது அது. விளைவின் அளவையும் திசையின் சீர்மையையும் கேட்காத தொகுப்பாய்வு, வெளியிடப்பட்டவற்றின் சாய்வையே பிரதிபலிக்கும். அந்தச் சாய்வு எவ்வளவு என்பதை அதே ஆண்டில் டங்கனும் கெல்லரும் காட்டினார்கள்: இத்துறையில் முதன்முறை செய்யப்பட்ட ஆய்வுகளில் 96 விழுக்காடு நேர்முடிவு தந்தன, மறுஉறுதி முயற்சிகளில் 27 விழுக்காடே. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, வெளியானவற்றை எண்ணிக் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை எஞ்சவில்லை.

சண்டையை நேர்மையாகத் தீர்த்தது கல்வர்ஹவுஸ் தலைமையிலான கூட்டமைப்பு. பகுப்பு முறையை முன்கூட்டியே வெளியிட்டுவிட்டு, 31 தரவுத் தொகுப்புகளில் 38,802 பேரை ஒரே விதிப்படி பகுத்து 2017-இல் முடிவை அறிவித்தார்கள்: வலுவான இடைவினை இல்லை, இருந்தாலும் அது எங்கும் பொதுவானதல்ல, குறிப்பிட்ட சூழல்களில் சிறிய அளவிலேயே இருக்க முடியும். 2019-இல் போர்டர் குழு பெயர்பெற்ற 18 மரபணுக்களைச் சில ஆய்வுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்து, அவை குருட்டாம்போக்கில் எடுத்த மரபணுக்களைவிட மனச்சோர்வோடு அதிகம் தொடர்புடையவை அல்ல என்றது. இதிலும் குறை இல்லாமலில்லை: நீள வேறுபாடுகளை நேராகப் படிக்காமல் அண்டை எழுத்துகளிலிருந்து ஊகித்தார்கள். ஆனால் தீர்ப்பை மாற்றும் அளவு பெரிய குறை அல்ல.

‘முகப்பு வரிசை நரம்புக் கடத்தியின் மரபணுக்களை ஆள்கிறது’ என்ற கூற்றை எப்படி நிறுவ வேண்டும் என்று கேட்பவருக்குக் காட்ட ஒரு கட்டுரை இருக்கிறது. அதுவும் 2009-இல், ரிஷ் குழுவின் அறிக்கை வந்த அதே ஆண்டில் நேச்சர் இதழில் வந்தது. நூரியா ஃபிளேம்ஸும் ஆலிவர் ஹோபர்ட்டும் எடுத்துக்கொண்டது 302 நரம்பணுக்களே உள்ள சிறு புழு. அதில் டோபமைன் ஆக்குபவை எட்டு. டோபமைனை ஆக்கும், உறையிலிடும், மீட்கும் மரபணுக்களின் முகப்புகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒளிரும் புரதத்தோடு இணைத்து, உயிருள்ள புழுவுக்குள் வைத்துப் பார்த்தனர். எல்லா முகப்பிலும் பொதுவான ஒரு குறுந்தொடர் இருப்பதும், அதைக் கெடுத்தால் அந்த எட்டில் ஒளி மறைவதும் தெரிந்தது. அதில் அமரும் ஏ.எஸ்.டி.-1 காரணியை நீக்கினால் டோபமைன் நரம்பணுக்கள் தம் அடையாளத்தைப் பெறவில்லை. வேறு சில நரம்பணுக்களில் அதைத் திணித்தால் அவை டோபமைன் மரபணுக்களைத் திறந்தன. தேவை, போதுமை இரண்டும் சோதிக்கப்பட்டன, உரிய நரம்பணுவிலேயே, உயிருள்ள உடலுக்குள்ளேயே. முதல் கண்ணியும் இரண்டாம் கண்ணியும் ஒரே சோதனையில் இறுகின.

இக்கட்டுரையும் வரம்புகளுக்கு உட்பட்டதே. ஒரே காரணி எல்லாம் செய்வது போன்ற அழுத்தம் முதலில் இருந்தது. 2013-இல் அதே ஆய்வு மரபே மேலும் இரண்டு காரணிகளின் கூட்டு தேவை என்று திருத்தியது. பாலூட்டியில் ஏ.எஸ்.டி.-1 காரணிக்கு இணையான ஈ.டி.வி.-1, முகர்வுக் குமிழின் டோபமைன் நரம்பணுக்களுக்குத்தான் தேவைப்படுகிறது. பார்க்கின்சன் நோயில் அழியும் நடுமூளை அணுக்களுக்கு அது விடையாகவில்லை. ஆனால் திருத்தம் வந்த விதமே அதன் பெருமை: முந்தைய முடிவைக் கவிழ்க்காமல் அதன் மேல் அடுக்கப்பட்டது.

நடத்தை வரை போக முடியாதா என்றால், போயிருக்கிறார்கள். பெட்-1 நீக்கப்பட்ட எலிகளில் சுமார் 70 விழுக்காடு செரட்டோனின் நரம்பணுக்கள் உருவாவதில்லை; அவற்றின் அச்சமும் மூர்க்கமும் கூடுகின்றன. இவான் டெனரிஸ் குழு 2010-இல் ஒருபடி மேலே போனது. வளர்ந்த எலிகளில் மட்டும் அதை நீக்கியபோதும் செரட்டோனின் மரபணுக்கள் தளர்ந்தன, அச்சம் எழுந்தது. முகப்பில் அமரும் காரணி, நரம்பணு, நடத்தை என்று கண்ணி விடாமல் நடந்த பாதை இது. இங்கே கைவைத்தது காரணியில், முகப்பின் எழுத்துகளில் அல்ல என்ற வேறுபாட்டை மறக்கக் கூடாது; எனினும் சான்றின் ஒழுங்கில் குட்டை-நெட்டை மரபு இதனருகே நிற்க முடியாது. கொறிணிகளில் அந்த நீள வேறுபாடே இல்லாததால் இத்தகைய சோதனை குட்டை-நெட்டை ஆய்வாளர்களுக்கு எளிதாக வாய்க்கவில்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். இன்று மனிதத் தண்டணுக்களிலிருந்து செரட்டோனின் நரம்பணுக்களை வளர்க்கலாம். கிரிஸ்பர் கொண்டு அந்த 43 எழுத்துகளை நீக்கியும் சேர்த்தும் பார்க்கலாம். மனச்சோர்வு வினாப்பட்டியல்கள் அந்தச் சோதனைக்கு முந்தி வர வேண்டியவை அல்ல.

ஆக என் தீர்ப்பு: 1996-இன் கட்டுரை மதிக்கத்தக்க தொடக்கம், 2003-இன் கட்டுரை தேர்ந்த அளவீட்டின் மேல் நின்ற நிறுவப்படாத கருதுகோள், அவற்றைத் தொடர்ந்த பெருந்திரளான ஆய்வுகள் தம் நடுக்கண்ணியைச் சோதிக்காமல் கடந்த வீண் உழைப்பு. இடைவினைக்குத் தேவையான மாதிரி அளவு கிடைத்திருந்தாலும், மூளையில் செயலளவு மாறுகிறது என்ற சான்று இல்லாமல் அது ஒரு தொடர்பாகவே இருந்திருக்கும், விளக்கமாகியிருக்காது. மருத்துவப் பயன்பாட்டிலும் நிலைமை இதுவே. மனச்சோர்வு மருந்துத் தேர்வுக்கென விற்கப்படும் சில மரபணுச் சோதனைகளில் இந்த நீள வேறுபாடு இன்னும் இடம்பெறுகிறது. மருந்து மரபியல் நடைமுறைக் கூட்டமைப்பான சி.பி.ஐ.சி. 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்த மரபணுவின் வடிவத்தை வைத்து மருந்தையோ அளவையோ மாற்றுமாறு எந்தப் பரிந்துரையும் தரவில்லை. சான்று போதாது என்பதே அது கூறும் காரணம்.